மூன்றாவது பதில்

2023 ஆகஸ்ட் 7, திங்கட்கிழமை, காலை 9.40. எண்ணிக்கை: 63

எங்கள் சாஃப்ட்வேரில் அறுபத்து மூன்று ஃபங்ஷன்கள். அறுபத்து மூன்றும் குப்பை. எழுதியவர் எனக்கு முன் இந்த வேலையில் இருந்த சதீஷ் என்று ஒருவர். இப்போது கனடாவில் வீட்டு வாசலில் புல்வெட்டும் மெஷின் தள்ளிக்கொண்டிருக்கிறாராம். தள்ளட்டும்.

இந்த டைரியை மோட்டார் டீலர் ஒருவர் நான் சேர்ந்த பிப்ரவரியில் கொடுத்தார். ஒவ்வொரு பக்க மூலையிலும் ஒரு பம்பு படம். ஆறு மாதம் சும்மா கிடந்தது. இன்று முதல் தினமும் திருத்த மீதி இருப்பவற்றின் எண்ணிக்கை எழுதுவதாக முடிவு. எண் குறைய வேண்டும், அவ்வளவுதான். மனதில் பட்டதை எல்லாம் எழுதுகிற வழக்கம் எனக்குக் கிடையாது.

நேற்று அம்மா போனில், "அப்பிடி என்னதான்டா பண்றே ஆபீஸ்ல?" என்றார். ஆறு மாதமாக இதே கேள்வி. நேற்று பொறுமையாகவே விளக்கினேன். ஒருவனைக் கடைக்கு அனுப்பி, தேங்காய் இருக்கிறதா பார்த்து வா என்கிறோம். அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். அந்த ஆள்தான் ஃபங்ஷன். கடைசியில் வந்து சொல்கிற அந்த வரிதான் ரிட்டர்ன். சதீஷ் அனுப்பிய ஆட்களில் ஒருவன் போய்விட்டு வந்து பேசாமல் நிற்கிறான். இன்னொருவன் "கடை திறந்திருந்துச்சு" என்கிறான். மூன்றாமவன் "ஏழு" என்கிறான். என்ன ஏழு? யாருக்கும் தெரியாது.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்கப்பாவக் கடைக்கு அனுப்புனா இப்பிடித்தான்" என்றார். புரிந்துவிட்டது.

எங்கள் கம்பெனி சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிறது. பதினோரு பேர். "நீர்க்கண்" என்று ஒரு பெட்டி செய்கிறோம். தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் மாட்டினால் வீட்டிலிருந்தே போனில் மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். கிணற்றுக்குள் ஒரு சென்சார் தொங்கும். தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் உள்ளே சுற்றியிருக்கும் கம்பி, அதாவது காயில், எரிந்துவிடும், அதனால் பெட்டி அந்த சென்சாரைக் கேட்டுக்கொண்டே இருக்கும். 138 கிணறுகளில் நம் பெட்டி இருக்கிறது.

முதலாளி நாச்சிமுத்து சார் தெளிவாகச் சொல்லிவிட்டார். "இருவத்தெட்டாந் தேதி புது வெர்ஷன் எல்லாப் பொட்டிக்கும் போகோணும். முப்பத்தொண்ணு உன்ற புரொபேஷன் முடியுது. சுத்தம் பண்ணிக் குடு, கன்ஃபர்மேஷன் லெட்டர் வாங்கிக்க." எனக்குப் பிடித்த வகை வாக்கியம். இது நடந்தால் அது. நடுவில் வழவழா கிடையாது.

ஆகஸ்ட் 8, செவ்வாய். எண்ணிக்கை: 51

பன்னிரண்டு முடிந்தது. ஒன்றில் ஏழு இடத்தில் ரிட்டர்ன். ஒன்றில் எது நடந்தாலும் "சரி" என்ற பதில், மோட்டார் எரிந்தாலும் சரி. "ஏழு" என்று சொன்ன ஃபங்ஷனுக்கு மேலே சதீஷ் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: "பிறகு பார்க்கவும்". யார் பார்ப்பது? நான்.

மதியம் மெஸ்ஸில் கேட்டேன்: "அக்கா, தக்காளிச் சாதம் இருக்குதுங்களா?"

"உக்காருங்க தம்பி."

"இருக்குதுங்களான்னு கேட்டேன்."

"எல நல்லா கழுவிக்கோங்க."

இருந்தது. ஆனால் அதுவல்ல விஷயம். இந்த ஊரே சதீஷ் எழுதிய ஊர் போல நடந்துகொள்கிறது.

என் விதியை ஒரு அட்டையில் எழுதி மானிட்டர் மேல் ஒட்டினேன்: கேள்வி கேட்டால் ஆமாம் அல்லது இல்லை. மூன்றாவது கிடையாது.

ஆகஸ்ட் 10, வியாழன். எண்ணிக்கை: 38

ரூபகலாவோடு ரிவ்யூ. நான் எழுதுவதை உடைத்துப் பார்ப்பது அவர் வேலை. டெஸ்டர். நானும் அவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். பச்சைப் பேனாவில்தான் எழுதுவார். ஏன் என்று கேட்டதற்கு, "செகப்புன்னா உங்க மனசு புண்படும், நீலம்னா நீங்க படிக்க மாட்டீங்க" என்றார். இதை எதற்கு எழுதுகிறேன்? விடு.

"தண்ணீர் இருக்கிறதா" என்ற ஃபங்ஷன். மொத்தப் பெட்டியும் இதை நம்பித்தான் ஓடுகிறது. சதீஷ் இதற்கு மூன்று ரிட்டர்ன் வைத்திருந்தார். தண்ணீர் இருந்தால் 1. இல்லாவிட்டால் 0. சென்சார் பேசாவிட்டால் கழித்தல் 1. அந்தக் கழித்தல் ஒன்று வந்தால் விவசாயியின் போனில் வெறும் கோடு ஒன்று தெரியும். ஒரு கோட்டைப் பார்த்து அவர் என்ன புரிந்துகொள்வார்? தூக்கி எறிந்தேன். ஆமாம், இல்லை. இரண்டே இரண்டு.

"சென்சார்கிட்ட இருந்து சத்தமே வரலைன்னா என்னங்க சொல்லும்?" என்றார் ரூபகலா.

"இல்லைன்னு சொல்லும்."

"தண்ணி இருக்கா இல்லையான்னு அதுக்கே தெரியாதே?"

"இல்லைன்னு சொன்னா மோட்டார் ஓடாது. காயில் எரியாது. சேஃப்."

"மோட்டாருக்கு சேஃப்."

"மோட்டாருக்குத்தானங்க பொட்டி விக்கறோம்?"

ரூபகலா ரிவ்யூ தாளில் "சென்சார் மௌனமானால்?" என்று பச்சையில் எழுதி, எதிர்க் கட்டத்தில் என்னை எழுதச் சொன்னார். "தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மற்ற வரிகளுக்கு எல்லாம் டிக் போட்டவர் இதற்கு மட்டும் ஒரு புள்ளி வைத்தார். புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று கேட்க நேரமில்லை.

ஆகஸ்ட் 12, சனி. எண்ணிக்கை: 19

துணி துவைத்தேன். ஒரு சாக்ஸைக் காணோம்.

ஆகஸ்ட் 14, திங்கள். எண்ணிக்கை: 0

பூச்சியம். மாலை 4.10.

சார் கீழே பேக்கரியிலிருந்து எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். ரூபகலா பசியில்லை என்று பாதியை என் தட்டில் வைத்தார். மதியம் அவர் டப்பாவில் இரண்டு தோசைதான் இருந்தது, பசியில்லாமல் இருக்க வாய்ப்பில்லை. சாப்பிட்டேன்.

புது வெர்ஷனை முதலில் ஒரே ஒரு கிணற்றுக்கு அனுப்பிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அன்னூர் பக்கம் சின்னச்சாமி அண்ணன் கிணறு. வாழை போட்டிருக்கிறார். ஆளும் நல்லவர், எதுவானாலும் போன் செய்து சொல்லிவிடுவார்.

ஆகஸ்ட் 17, வியாழன்

காலை 11.25க்குச் சின்னச்சாமி அண்ணன் போன். பின்னால் ஒரே கூட்டச் சத்தம்.

"ஏனுங் தம்பி, கெணத்துல தண்ணி இல்லை, மோட்டார் நிறுத்தப்பட்டதுன்னு மெசேஜ் வருதுங்."

"சரிங்ண்ணா."

"என்னுங் சரி? போன வாரம் பத்தடிக்குத் தண்ணி நின்னுதுங். பொட்டி தப்பா கிப்பா சொல்லுதா?"

"பொட்டி தப்பா சொல்லாதுங்ண்ணா. இப்பத்தான் முழுசா சுத்தம் பண்ணி அனுப்பியிருக்கோம்."

"அப்பொ என்ற மாப்பள வேலைதானுங். போன மாசந்தான் பக்கத்துக் காட்டுல ஆயரத்து எரநூறு அடிக்குப் போர் ஓட்டுனான். என்ற கெணத்துத் தண்ணி பூரா அதுல இழுத்துக்குச்சு. அப்பிடித்தானுங்?"

"இருக்கலாம்ங்ண்ணா."

அவர் திருப்பூரில் ஒரு ஜவுளிக் கடையில் நிற்கிறாராம். தங்கச்சி மகளுக்கு 27ஆம் தேதி காதுகுத்து. தாய்மாமன் சீருக்குத் துணி எடுக்க வந்தாராம். "மாப்பள" என்று திட்டியது அந்தத் தங்கச்சி வீட்டுக்காரரைத்தான். பெயர் ஆறுச்சாமி. நான் எதுவும் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

இரண்டு நிமிடம் பதினெட்டு நொடியில் பேச்சு முடிந்தது.

ஆகஸ்ட் 19, சனி

மறுபடி சின்னச்சாமி அண்ணன். இந்த முறை பின்னால் சத்தமே இல்லை.

"தம்பீ. ஊருக்கு வந்து எட்டிப் பாத்தனுங். கெணத்துல தண்ணி தளதளன்னு நிக்குது."

நடந்தது இது. வியாழக்கிழமை என்னிடம் பேசிவிட்டு, அதே கடையில் நின்றபடி அவர் ஆறுச்சாமிக்குப் போன் போட்டிருக்கிறார். தண்ணித் திருடன் என்றிருக்கிறார். ஆறுச்சாமி போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தாராம். வீட்டில் அவருடைய சொந்தபந்தம் பத்துப் பேர் பத்திரிகைக்குப் பேர் எழுத உட்கார்ந்திருந்தார்களாம். பத்துப் பேரும் கேட்டார்கள்.

இப்போது கிணற்றில் தண்ணீர் நிற்பதை ஆறுச்சாமியும் வரப்பில் நின்று பார்த்துவிட்டார். "பொட்டி சொல்லுச்சு மாப்ள" என்று இவர் சொன்னால், "பொட்டி எப்பிடிப் பொய் சொல்லும்? நான் போர் போட்டது உனக்குப் பொறுக்கல, அதுக்குப் பொட்டி மேல பழி போடறயா?" என்கிறாராம். திருடன் என்று சொன்னவன் மடியில் என் குழந்தை உட்காராது என்று சத்தியம் செய்துவிட்டார். தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் காது குத்துவது? அவருக்குப் பதில் தங்கச்சியின் பெரியப்பா மகன் ஒருவரை உட்கார வைக்கப் பேச்சு நடக்கிறது. தங்கச்சி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம்.

"என்ன தம்பி பண்ணச் சொல்றீங்க?"

"சென்சார் பக்கம் ஏதாச்சும் இருக்கும்ங்ண்ணா. திங்கக்கெழம வந்து பாக்கறோம்."

ஆபீஸ் பதிவில் "சென்சார் பழுது (உத்தேசம்)" என்று எழுதினேன். கோடிங்கை ஒருமுறை திறந்து பார்த்தேன். ஃபங்ஷன் மிகச் சரியாகவே வேலை செய்திருக்கிறது. சொல்லச் சொன்னதைச் சொல்லியிருக்கிறது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

பைக் சர்வீஸுக்கு விட்டேன். முடி வெட்டிக்கொண்டேன். அந்த ஃபங்ஷனை இன்னொரு முறை பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 21, திங்கள்

ரூபகலாவின் ஸ்கூட்டரில் அன்னூர். நான் பின்னால். ஹெல்மெட் அவர் தம்பியுடையதாம், தலையில் ஆடிக்கொண்டே வந்தது. வழியில் மொத்தம் ஒன்பது வேகத்தடை. ஒன்பதிலும் சொல்லி வைத்தாற்போல வேகமாகவே போனார்.

காரணம் கண்டுபிடித்தாயிற்று. அணில். பம்புச் செட்டிலிருந்து கிணற்றுக்குள் இறங்குகிற சென்சார் ஒயரை ஒரு சாண் அளவுக்குக் கடித்து வைத்திருக்கிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓட்டு மேல் வந்து உட்கார்ந்து எங்களையும் பார்த்தது. எனக்கு மூன்று நாளில் முதல் முறையாக மனசு லேசானது. போட்டோ எடுத்தேன். ஒயரையும், அணிலையும்.

"கண்டுபிடிச்சுட்டோம்ங்ண்ணா, அணில்தான்!" என்றேன். சின்னச்சாமி அண்ணன் முகம் மலரவில்லை. "அணிலக் கூட்டிட்டுப் போயி மாப்பளகிட்ட சாட்சி சொல்லச் சொல்லவா தம்பி?" என்றார்.

அதற்குள் வரப்பைத் தாண்டி ஆறுச்சாமியே வந்துவிட்டார். முப்பது, முப்பத்திரண்டு வயது. கையில் குழந்தை, மகிழினி. ஒரு வயது ஆகிறது. சின்னச்சாமி அண்ணனைப் பார்த்ததும் "மா" என்று கையை நீட்டியது. ஆறுச்சாமி குழந்தையை அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"நீங்கதான் பொட்டிக் கம்பெனியாங்? ஒரே கேள்வி. பொட்டி தப்பா சொல்லுச்சா, இல்ல இவரு தப்பா சொன்னாரா? ஒத்த வார்த்தையில சொல்லுங்."

நான் சொன்னேன்: "அது பாத்தீங்கன்னா, பொட்டிங்கறது சென்சாரக் கேக்கும்ங்க. சென்சார்ல இருந்து சிக்னல் வரணும். ஒயர் கட்டாயிருக்கறதால சிக்னல் வரல. வராதப்ப ஒரு டீஃபால்ட் மாதிரி..."

"தப்பா சொல்லுச்சா சொல்லலயா?"

"டெக்னிக்கலா பாத்தா பொட்டி அதோட வேலையத்தான் செஞ்சிருக்குதுங்க. ஆனா சூழ்நிலைய வச்சுப் பாத்தா..."

ஆறுச்சாமி திரும்பி மச்சானைப் பார்த்தார். "கேட்டுக்குங் மச்சா. பொட்டி அதும்பட வேலையத்தான் செஞ்சுதாமா." போய்விட்டார். குழந்தை அந்தப் பக்கத் தோள் வழியாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே போனது.

சின்னச்சாமி அண்ணன் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். என்னுடையதைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

திரும்பும்போது கோவில்பாளையம் சிக்னலில் ரூபகலா சொன்னார்: "நாலு நிமிஷம் பேசுனீங்க தரணி. ரிட்டர்ன் வரல."

கேள்வி தவறான வடிவில் கேட்கப்பட்டது என்பதே என் கருத்து.

ஆகஸ்ட் 22, செவ்வாய். எண்ணிக்கை: 1

விளக்கம் எழுதப் பிடிக்கவில்லை. சட்டைக்குப் பொத்தான் தைத்தேன்.

ஆகஸ்ட் 23, புதன்

சார் ரிப்போர்ட் கேட்டார். "என்ன காரணம்னு ஒரே வரியில எழுது."

"அணில் சார். ஆனா..."

"ஆனாவெல்லாம் எதுக்குப்பா? அணில்னு எழுதி மூடு. இருவத்தெட்டுக்கு ரிலீஸ். அணிலு என்ன நம்ம மேல கேஸா போடப் போகுது?"

நானும் சிரித்தேன். எழுதினேன். "காரணம்: அணில்." இவ்வளவு தெளிவான வரியை நான் இந்த மாதம் எழுதவில்லை. ஆமாம் இல்லை விதிக்கு முழுக்கப் பொருந்துகிறது. அனுப்பவில்லை. டிராஃப்டில் கிடக்கிறது.

மதியம் ரூபகலா என் மேசைக்கு வந்து ஒரு தாளை வைத்தார். 10ஆம் தேதி ரிவ்யூ தாள். "சென்சார் மௌனமானால்?" எதிரே என் கையெழுத்தில் "தேவையில்லை". பக்கத்தில் அந்தப் பச்சைப் புள்ளி.

"இத சார்கிட்டக் காட்டலீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"நீங்க காட்டுவீங்கன்னு வச்சிருக்கேன்."

போய்விட்டார். தாளை இழுப்பறையில் வைத்தேன். பிறகு எடுத்துப் பையில் வைத்தேன். பிறகு மறுபடி இழுப்பறையில் வைத்தேன்.

மானிட்டர் மேல் ஒட்டியிருந்த அட்டை தானாகவே கீழே விழுந்தது. பசை மோசம்.

ஆகஸ்ட் 24, வியாழன்

மெஸ்ஸில் அக்கா இல்லை. அவர் தங்கச்சி பரிமாறினார். புது ஆள். நான் வழக்கம்போலக் கேட்டேன்: "ரசம் இருக்குதுங்களா?"

"தெரியலீங்க. உள்ள போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

போனார். பார்த்தார். வந்தார். "இருக்குதுங்க."

இந்தப் பதிலில் எங்கே குறை என்று சாப்பாடு முடியும்வரை தேடினேன். கிடைக்கவில்லை. தெரியாததை இருக்கு என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தெரியலை என்றார். அதைவிடத் தெளிவாக ஒருவர் எதையும் சொல்லிவிட முடியாது. "இல்லை" என்று சொல்லியிருந்தால் நான் மோருக்குப் போயிருப்பேன், உள்ளே ஒரு குண்டா ரசம் சும்மா கொதித்துக்கொண்டிருந்திருக்கும்.

சதீஷின் கழித்தல் 1 ஞாபகம் வந்தது. பாவி, அதை வார்த்தையில் எழுதியிருக்கலாம். ஆனால் அவருக்கு அது தெரிந்திருக்கிறது.

ரசம் மூன்று முறை வாங்கினேன்.

ஆகஸ்ட் 25, வெள்ளி. எண்ணிக்கை: 0

காலை 8.15க்கே ஆபீஸ். ஒரே ஃபங்ஷன், மூன்று ரிட்டர்ன், மூன்றுக்கும் பெயர்: இருக்கிறது, இல்லை, தெரியவில்லை. மூன்றாவது வந்தால் போனில் கோடு வராது, "கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பெட்டிக்குத் தெரியவில்லை. சென்சாரிடமிருந்து பதில் இல்லை. நேரில் பார்க்கவும்" என்று வரும். மோட்டார் ஓடாது, காயிலும் எரியாது. எழுத இருபது நிமிடம் ஆனது. ரிவ்யூ தாளில் "தேவையில்லை"யை அடித்துவிட்டு "தேவை. தவறு என்னுடையது" என்று எழுதினேன். இதற்கு இரண்டு மணி நேரம் ஆனது.

சாரிடம் தாளைக் காட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தெரியலைன்னு சொல்ற பொட்டிய எவன்ப்பா வாங்குவான்?"

"தெரியாமயே இல்லைன்னு சொன்ன பொட்டியால ஒரு காதுகுத்து நிக்குது சார்."

"அணில்?"

"அணில் ஒயரத்தான் சார் கடிச்சுது. இல்லைன்னு சொல்ல வச்சது நான். ரூபகலா அப்பவே கேட்டாங்க. நான் கேக்கல. 138 கெணத்துக்கும் இப்படியே போயிருந்தா 138 மாப்பள மச்சான் சண்டை."

சார் ஜன்னல் வழியாகக் கீழே பேக்கரிக் கூட்டத்தைப் பார்த்தார். "இருவத்தெட்டு ரிலீஸ் போச்சு, அப்பிடித்தானே?"

"ஆமா சார். மத்த ஃபங்ஷனெல்லாம் மறுபடி பாக்கணும்."

"உன்ற லெட்டர்?"

"அது நீங்கதான் சார் சொல்லணும்."

"பாக்கலாம்," என்றார். இந்தச் சொல்லைத் தடை செய்ய வேண்டும்.

ரசம் விஷயத்தை ரூபகலாவிடம் சொன்னேன். ஐந்து நிமிடம் சிரித்தார். எண்ணவில்லை, உத்தேசம்.

பிறகு அவர் எதிரிலேயே ஆறுச்சாமிக்குப் போன் செய்தேன். "தப்பு என்னோடதுங்க" என்றேன். அந்தப் பக்கம் ஒரு ஆட்டை அதட்டிவிட்டுச் சொன்னார்: "போன்ல வேண்டாங் தம்பி. திருடன்னு பத்துப் பேரு கேட்டாங்க. ஞாயித்துக்கெழம கோயலுக்கு வாங். அத்தன பேரு முன்னாலயும் சொல்லுங். அப்பறம் பாக்கறேன்."

ஆகஸ்ட் 26, சனி

வேட்டியா பேன்ட்டா? பேன்ட். ஒரே வாக்கியத்தை ஒத்திகை பார்த்தேன். கண்ணாடி முன் பதினான்கு முறை. பதினான்கிலும் நடுவில் "டெக்னிக்கலா" வந்தது.

ஆகஸ்ட் 27, ஞாயிறு, மாலை 5.30

காலை ஏழு மணிக்குக் கோயில். அன்னூரிலிருந்து உள்ளே நான்கு கிலோமீட்டர். அவர்கள் குலதெய்வம். பந்தல், ஸ்பீக்கர், கிடா, ஏறத்தாழ இருநூறு பேர். பத்துப் பேர் என்றுதான் என்னிடம் சொல்லப்பட்டது.

சின்னச்சாமி அண்ணன் சீர்த் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். திருப்பூரில் எடுத்த பட்டுப் பாவாடை, வாழைப்பழம், தோடு. பந்தலுக்குள் போகவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. பெரியப்பா மகன் புது வேட்டியில் மணைக்குப் பக்கத்தில் தயாராக நின்றார். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ரூபகலா எனக்கு முன்பே வந்திருந்தார். மாந்தளிர் நிறச் சேலை. "போங்க," என்றார்.

போனேன். ஆறுச்சாமி ஸ்பீக்கர்காரரைப் பார்த்துக் கையைக் காட்ட, பாட்டு நின்றது. இருநூறு முகம்.

"நான் நீர்க்கண் பொட்டிக் கம்பெனிங்க. கெணத்துல தண்ணி இருந்தப்ப இல்லைன்னு பொட்டி தப்பா சொல்லுச்சுங்க. அந்தத் தப்பு நான் பண்ணது."

முடிந்தது. "டெக்னிக்கலா" வரவில்லை. எனக்கே நம்ப முடியவில்லை.

பின்னாலிருந்து ஒரு அம்மா: "அணிலுன்னு சொன்னாங்களே?"

"அணில் ஒயரக் கடிச்சுதுங்க. சென்சார் பேசலைன்னா தெரியலைன்னு சொல்லணும். நான் இல்லைன்னு சொல்ல வச்சுட்டேன். அண்ணன் கேட்டப்பவும் பொட்டி தப்பா சொல்லாதுன்னு சொன்னேன். போரு தண்ணிய இழுத்திருக்குமான்னு கேட்டாரு, இருக்கலாம்னு சொன்னேன். எனக்குத் தெரியாதுங்க. தெரியாமயே சொன்னேன்."

"படிச்ச புள்ளையா?" என்றார் இன்னொரு பெரியவர்.

"ஆமாங்க."

"செரி செரி."

ஆறுச்சாமி என் அருகில் வந்தார். "இந்த நாலு வரிய திங்கக்கெழமயே சொல்லியிருந்தா நான் ஒரு வாரம் சோறு தின்னிருப்பனுங்."

"சொல்லியிருக்கலாம்ங்க. பயந்துட்டேன்."

அவர் வேப்பமரத்துக்கு நடந்தார். அடுத்து நடந்ததை அப்படியே எழுதுகிறேன், எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"மச்சா."

"ம்."

"வெயிலு ஏறுது."

"ஆமா மாப்ள."

"ஊசி காத்துட்டிருக்குது."

"ம்."

அவ்வளவுதான். யார் மன்னிப்புக் கேட்டார், யார் கொடுத்தார், எதுவும் தெரியவில்லை. ஒரு ரிட்டர்ன் கூட முறையாக இல்லை. ஆனால் அடுத்த நிமிடம் சின்னச்சாமி அண்ணன் மணையில் உட்கார்ந்திருந்தார், மகிழினி அவர் மடியில் இருந்தாள். பெரியப்பா மகன் நிம்மதியாகப் பந்திக்கு இலை போடப் போனார். தங்கச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அண்ணனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார். குழந்தை முதல் காதுக்கு அலறியது. இரண்டாவது காதுக்குத் தாய்மாமன் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. அவர் "ஆ" என்றார். இன்று அந்த இடத்தில் வந்த மிகத் தெளிவான பதில் அதுதான்.

சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் ரூபகலா கேட்டார்.

"தரணி, ஒரு கேள்வி. ஒத்த வார்த்தையில பதில்."

"கேளுங்க."

"உங்களுக்கு என்னப் புடிச்சிருக்கா?"

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன்: "தெரியல."

இருபத்தாறு வயதுக்காரன் சொல்கிற பதிலா இது? ஆனால் அவர் கோபப்படவில்லை. குழாயை மூடினார். "சரி. உள்ள போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க," என்றார். "ஒயர அணில் கடிச்சுருச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க." ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வழியில் ஒரு வேகத்தடை இருந்தது. மெதுவாக ஏறி இறங்கினார்.

நான் பஸ்ஸில் வந்தேன். ஒன்றரை மணி நேரம். ஜன்னல் சீட். இந்த டைரியைப் பையிலிருந்து எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். மனதில் பட்டதை எழுதும் வழக்கம் எனக்கு இல்லை என்று 7ஆம் தேதி எழுதியிருக்கிறேன். பச்சைப் பேனா, பாதி பன், ஒன்பது வேகத்தடை, மாந்தளிர் நிறம். இதையெல்லாம் யார் எழுதியது?

இனி செய்ய வேண்டியவை:

1. டிராஃப்டில் கிடக்கும் ரிப்போர்ட்டில் "காரணம்: அணில்" என்பதை அழித்து என் பெயரை எழுதி அனுப்புவது.

2. 28 ரிலீஸ் தள்ளிப்போனது பற்றி 138 பேருக்கும் நானே போன் செய்வது. கேட்கிற கேள்விக்குத் தெரிந்தால் பதில், தெரியாவிட்டால் தெரியலை. "இருக்கலாம்" கிடையாது.

3. மற்ற 62 ஃபங்ஷன்களையும் மறுபடி திறப்பது. எங்கெல்லாம் வாயை மூடி ஆமாம் இல்லை சொல்ல வைத்தேன் என்று தேடுவது.

4. சென்சார் ஒயரை பிவிசி குழாய்க்குள் விடுவது. அணிலுக்கு வேறு வேலை கிடைக்கும்.

5. சாரிடம் லெட்டர் பற்றி நேராகக் கேட்பது. "பாக்கலாம்" என்றால் எந்தத் தேதி என்று கேட்பது.

6. சதீஷுக்கு ஒரு மெயில். அந்தக் கழித்தல் ஒன்றுக்கு நன்றி, "ஏழு" என்றால் என்ன?

7. நாளை காலை 9.40. உள்ளே போய்ப் பார்த்தாயிற்று. பச்சைப் பேனாக்காரரிடம் போய் ஒரே வார்த்தை சொல்வது: ஆமாம்.